பெண் எழுத்தாளர்கள், கலைஞர்களைக் கொண்டாடும் சமூகப் புத்தகத் திருவிழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் வட்டங்கள், நூலகங்கள், குடியிருப்போர் சங்கங்கள், கல்லூரி இலக்கிய மன்றங்கள் போன்ற சிறு குழுக்கள் ஒன்று அல்லது இரண்டு நாள் விழா நடத்த முனையும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பெரிய பதிப்பாளர் சங்கங்கள் நடத்தும் புத்தகக் காட்சிகளுக்கு இவற்றில் பல பொருந்தா.

பெண்களுக்கென்று தனியாக ஒரு விழா எதற்கு? நல்ல எழுத்துக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு உண்டா?

எழுத்துக்கு வேறுபாடு இல்லை என்று வாதிடலாம். அந்த எழுத்து வாசகரைச் சென்றடையும் வழியில் வேறுபாடு இருந்துவருவதைப் பட்டியல்களே காட்டுகின்றன. இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1901 முதல் 2024 வரை பெற்ற 121 பேரில் பெண்கள் 18 பேர். தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதை அதே 2024 வரை பெற்ற பெண்கள் நால்வர்தாம்: ராஜம் கிருஷ்ணன் (1973), லக்ஷ்மி (1984), திலகவதி (2005), அம்பை (2021). பிரிட்டனில் ஆங்கில நாவலுக்கு வழங்கப்படும் புக்கர் பரிசின் 1991ஆம் ஆண்டுக் குறும்பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இடம்பெறாததே, 1996 முதல் பெண்களின் புனைவுக்கென்று தனிப் பரிசு வழங்கப்படக் காரணமாயிற்று. ஓவியத்திலும் இதே கதைதான். நியூயார்க்கில் 1985இல் தோன்றிய ‘கெரில்லா கேர்ள்ஸ்’ என்ற கலைஞர் குழு, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் உள்ள கலைஞர்களில் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும், அங்குள்ள நிர்வாண ஓவியங்களில் 85 விழுக்காடு பெண்களுடையவை என்றும் எண்ணிச் சுவரொட்டியாகவே 1989இல் வெளியிட்டது.

ஆகவே தனி விழா தேவையா என்பதைவிட, அந்த விழா என்ன செய்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மேடையில் ஏற்றிப் பாராட்டி அனுப்பிவிடும் விழாவால் எழுத்தாளருக்கும் பயனில்லை, வாசகருக்கும் பயனில்லை. அவருடைய நூல் விற்க வேண்டும்; படிக்கப்பட வேண்டும்; அதைப் பற்றிப் படித்தவர்கள் பேச வேண்டும்; அவருடைய உழைப்புக்கு ஊதியம் கிடைக்க வேண்டும். கீழே உள்ள விடைகள் எல்லாம் இந்த நான்கையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

எந்த மாதத்தில் நடத்தலாம்? எத்தனை நாள் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்?

எல்லாரும் முதலில் சொல்லும் நாள் மார்ச் 8. ஐக்கிய நாடுகள் அவை 1975 முதல் கடைப்பிடித்துவரும் அனைத்துலகப் பெண்கள் நாள் என்பதால் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அந்த ஒரு வாரத்தில்தான் பள்ளி, அலுவலகம், வங்கி என்று எல்லா இடங்களிலிருந்தும் பெண் எழுத்தாளர்களுக்கு அழைப்பு வரும். மற்ற ஐம்பத்தோரு வாரங்களில் வராது. அந்த வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது. யுனெஸ்கோ 1995இல் அறிவித்த உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23ஐ ஒட்டி நடத்தலாம். பள்ளித் தேர்வுகள் இல்லாத ஏதேனும் ஒரு வார இறுதியும் போதும்.

ஒருநாள் விழாவுக்கு ஆறு மாதம், கண்காட்சியுடன் கூடிய இரண்டு நாள் விழாவுக்கு எட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்தையும் தேதியையும் முதல் மாதத்திலேயே உறுதிசெய்ய வேண்டும். பேச்சாளர்களுக்கான அழைப்பு நான்கு மாதம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். அலுவலக விடுப்பு எடுக்கவும், வீட்டுப் பொறுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யவும் அவர்களுக்கு அவகாசம் தேவைப்படும்.

ஏற்பாட்டுக் குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

முடிவெடுக்க ஐந்து பேர், வேலை செய்ய எத்தனை பேரானாலும் சரி. நிகழ்ச்சி நிரல், நூல் விற்பனை, கண்காட்சி, வரவு செலவு, இடமும் தன்னார்வலர்களும் என்று ஐவருக்கும் ஒவ்வொரு பொறுப்பு. ஒருவரே இரண்டைச் சுமக்க நேர்ந்தால், வரவு செலவையும் நிகழ்ச்சி நிரலையும் மட்டும் ஒரே கையில் கொடுக்க வேண்டாம்.

பேச வருபவர்களுக்குப் பணம் தர வேண்டுமா? நட்புக்காக வருவதாகத்தானே சொல்கிறார்கள்?

தர வேண்டும். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, விழாவே யாருடைய பெயரால் நடக்கிறதோ அவரை மட்டும் நட்புக்காக வரச் சொல்வது முறையன்று. வரவு செலவுத் திட்டத்தில் முதல் வரியாக மதிப்பூதியத்தை எழுதுங்கள். மேடை அலங்காரம் கடைசி வரியாக இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே தொகை என்று முடிவு செய்தால் பேரம் பேசும் சங்கடமே எழாது. பயணச் செலவும் தங்கும் செலவும் இதில் சேரா; அவை தனி. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் பேச்சாளர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஊதியமின்றிப் பன்னிரண்டு பேரைக் கூட்டுவதைவிட, உரிய மரியாதையோடு ஐந்து பேரை அழைப்பது விழாவின் தரத்துக்கும் நல்லது, நேரக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது. தொகை எவ்வளவு, எப்போது, எந்த வழியில் தரப்படும் என்பது அழைப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். கேட்டு வாங்கும் நிலையில் யாரையும் வைக்காதீர்கள்.

யாரை அழைப்பது என்பதை எப்படி முடிவு செய்வது?

குழுவில் உள்ளவர்களுக்குத் தெரிந்த பெயர்களை மட்டும் எழுதினால், எந்த விழாவிலும் காணும் அதே ஏழெட்டுப் பெயர்கள்தாம் வரும். அதனால் அழைப்பைப் பாதி நேரடியாகவும் பாதி பொது அறிவிப்பின் வழியாகவும் செய்வது நல்லது. நாவல், சிறுகதை, கவிதை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், அறிவியல் எழுதுபவர், சமையல் நூல் எழுதுபவர், தன்வரலாறு எழுதியவர், சிறார் நூலுக்குப் படம் வரைபவர், அட்டை வடிவமைப்பவர், படக்கதை வரைபவர், மெய்ப்புத் திருத்துபவர், பதிப்பாசிரியர் என்று நூல் ஒன்று உருவாகும் வழியில் உள்ள அனைவரையும் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள். புத்தகத் தொழிலில் பெண்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: குழுவில் குறைந்தது இருவராவது அவருடைய ஒரு நூலையாவது முழுமையாகப் படித்திருந்தால்தான் அழைப்பு போக வேண்டும். பட்டியல் தானாகவே சீராகிவிடும்.

இன்னும் நூல் வெளியிடாதவர்களுக்கு இடம் உண்டா?

கட்டாயம் உண்டு. கைப்பிரதி வாசிப்புக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று முன்பதிவு செய்துகொள்ளலாம். அந்த அமர்வை நண்பகலிலோ, எல்லாரும் கிளம்பும் கடைசி மணியிலோ வைத்துவிடக் கூடாது. முக்கியமான இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் வையுங்கள்.

அமர்வுகளை எப்படி அமைப்பது? என்ன தலைப்புகள் வைக்கலாம்?

பெரும்பாலான விழாக்கள் சறுக்கும் இடம் இதுதான். மூன்று நாவலாசிரியர்களை உட்கார வைத்து, பெண்கள் எழுத வருவதில் உள்ள தடைகள் பற்றிப் பேசச் சொல்வார்கள். அவர்கள் அதை நூறு மேடைகளில் பேசியிருப்பார்கள். ஒருவர் எழுபது ஆண்டுக் கால நெசவுத் தொழிலை நாவலாக்கியிருப்பார், மற்றவர் துப்பறியும் கதை எழுதுபவராக இருப்பார். அவர்களுடைய நூல்களைப் பற்றி ஒரு சொல்லும் வராமலேயே அமர்வு முடிந்துவிடும்.

தலைப்பு அவர்களுடைய வேலையிலிருந்து பிறக்க வேண்டும். வரலாற்று நாவலுக்குத் தரவு தேடும் முறை, உரையாடலில் வட்டார வழக்கைக் கையாளும் அளவு, சிறார் நூலில் படமும் சொற்களும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விதம், கவிதைத் தொகுப்பில் வரிசையைத் தீர்மானிப்பது என்று எத்தனையோ உள்ளன. தடைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுத்தாளரே விரும்பினால் தாராளமாகப் பேசட்டும். அதை அவர் மேல் சுமத்தாதிருந்தால் போதும்.

மூன்று பேச்சாளர், ஒரு நெறியாளர், ஐம்பது நிமிடம், அதில் கடைசிப் பதினைந்து நிமிடம் கேள்விகளுக்கு என்பது நன்றாக ஓடும் அளவு. ஐந்து பேர் அமர்ந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஏழு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் நன்றி சொல்வதில் போய்விடும். நெறியாளராக நகரின் முக்கியப் பிரமுகரைத் தேட வேண்டாம். மூன்று நூல்களையும் படித்துக் குறிப்பெடுத்த ஒரு வாசகர் அவரைவிடச் சிறப்பாகச் செய்வார்.

“வீட்டையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்ற கேள்வியை நெறியாளரின் தாளிலிருந்து முன்கூட்டியே அடித்துவிடுங்கள். “மூன்றாம் அத்தியாயத்தில் கதையை மகள் சொல்லத் தொடங்குகிறாள், அதுவரை சொல்லிவந்த தாயின் குரலை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எந்த வரைவில் தோன்றியது?” என்று கேட்டால் எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்வார். படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது அரங்குக்கும் அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அறிமுக உரைக்கும் இதே கவனம் வேண்டும். அறுபது சொற்களில் தன்னைப் பற்றிய குறிப்பை எழுத்தாளரிடமே கேட்டு வாங்கி, அதை அப்படியே வாசியுங்கள். இன்னாரின் மனைவி, இரண்டு பிள்ளைகளின் தாய் என்று தொகுப்பாளர் தாமாகச் சேர்க்கும் வரிகளுக்கு அங்கே இடமில்லை.

ஆண்கள் மேடையேறலாமா?

வாசகராக, நெறியாளராக, மொழிபெயர்ப்பாளராக வரலாம். தலைமை தாங்கி அரை மணி நேரம் வாழ்த்துரை வழங்குவதற்காக வர வேண்டியதில்லை. நாற்காலி அடுக்கும் வேலையும் உபசரிப்பும் தன்னார்வலர்களில் பெண்களுக்கே ஒதுக்கப்படுகின்றனவா என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைந்த எழுத்தாளர்களின் படைப்புகளை வாசிக்கவோ அச்சிட்டுக் கொடுக்கவோ அனுமதி தேவையா?

பதிப்புரிமை உயிரோடு இருக்கும்வரை தேவை. பதிப்புரிமைக்கென்று 1886இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, ஆசிரியர் மறைந்த பின் குறைந்தது 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பல நாடுகள் அதை 70 ஆண்டுகளாக வைத்துள்ளன. இந்தியாவில் 60 ஆண்டுகள், மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். காட்டாக, ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி 1960இல் மறைந்தார். இந்தியாவில் அவருடைய படைப்புகளுக்கான உரிமைக் காலம் 2020 இறுதியோடு முடிந்தது. விழா எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு இடங்களில் பலர் ஏமாறுகிறார்கள். மூலநூல் பொதுவுடைமையாகி இருந்தாலும், அதன் புதிய மொழிபெயர்ப்புக்கும் புதிய ஓவியங்களுக்கும் தனித்தனி உரிமை உண்டு. அதே போல, கவிதையை மேடையில் வாசிக்க ஒப்புதல் தந்தவர், அதைப் பதாகையில் அச்சிடவும் ஒப்புதல் தந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

உரிமைச் சிக்கலே இல்லாத பெரும் பரப்பு ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் உள்ளிட்ட சங்கப் பெண்பாற் புலவர்களின் பாடல்களைக் கொண்டே ஒரு முழு வாசிப்பு அமர்வை அமைக்கலாம். பொருள் சொல்லத் தெரிந்த ஒருவரும், உரக்க வாசிக்கத் தெரிந்த இருவரும் இருந்தால் போதுமானது.

மொழிபெயர்ப்பு நூல்களை எப்படிச் சேர்ப்பது?

மொழிபெயர்ப்பாளரையும் அழைத்து, ஒரே பத்தியை மூலத்திலும் மொழிபெயர்ப்பிலும் அடுத்தடுத்து வாசிக்கச் செய்யுங்கள். சுவரொட்டியில் ஆசிரியர் பெயருக்கு அருகில் அதே அளவு எழுத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருக்க வேண்டும்.

நூல் விற்பனையை நாங்களே நடத்துவதா, கடைக்காரரிடம் ஒப்படைப்பதா?

அனுபவமுள்ள கடைக்காரர் ஒருவர் வர ஒப்புக்கொண்டால் அவரிடமே விட்டுவிடுவது எளிது. பட்டியலை மட்டும் நீங்கள் கொடுங்கள். நீங்களே நடத்துவதானால், விற்றவற்றுக்குப் பணமும் விற்காதவற்றைத் திரும்ப ஒப்படைப்பதும் என்ற ஏற்பாட்டில் பதிப்பாளர்களிடம் நூல்களைப் பெறுங்கள். எத்தனை படிகள், எத்தனை விழுக்காடு கழிவு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, கணக்கு முடிக்கும் நாள் எது என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். நூறு இருக்கைகள் உள்ள அரங்கில் ஒரு நூலின் இருபது படிகளோடு தொடங்கினால் போதும். இருநூறு படிகளை வரவழைத்துவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பெட்டிகளும் சிறியனவாக இருக்கட்டும். புத்தகம் நிரப்பிய பெரிய பெட்டியை ஒருவரால் தூக்க முடியாது.

சொந்தமாக அச்சிட்டு விற்கும் பெண்கள் பலர் கடைகளில் இடம் கிடைக்காதவர்கள். அவர்களுக்கு ஒரு நீண்ட மேசையை இலவசமாகக் கொடுங்கள். 2007 முதல் பதின்மூன்று இலக்கமாக உள்ள சர்வதேசத் தரப் புத்தக எண் (ISBN) அவர்களுடைய நூலில் இல்லாவிட்டாலும், உங்கள் பதிவேட்டில் தற்காலிக எண் ஒன்றைக் கொடுத்து விற்கலாம்.

கையெழுத்திடும் மேசை, பணம் செலுத்தும் இடத்திலிருந்து பார்வையில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். அரங்கின் மறுமுனையில் வைத்தால் வாங்க நினைத்தவரும் வாங்காமல் போய்விடுவார். வரிசையில் நிற்கும்போதே தன்னார்வலர் ஒருவர், வாங்கியவரின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் செருகிவிட்டால், ‘சரண்யா’வா ‘சரன்யா’வா என்று எழுத்தாளர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வழவழப்பான தாளில் மை ஊறாது இழுபடும் என்பதால், இரண்டு வகைப் பேனாக்களை வையுங்கள்.

ஓவியக் கண்காட்சிக்கு என்னென்ன தேவை?

முதலில் ஒப்பந்தம். படைப்பின் பெயர், அளவு, மதிப்பு, விற்பனைக்கு உண்டா, விற்றால் விழாக் குழுவுக்குப் பங்கு உண்டா, சேதமானால் யார் பொறுப்பு, திரும்பப் பெறும் நாள் ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். படைப்பைப் பெற்றுக்கொள்ளும்போதே முன்புறம், பின்புறம், நான்கு மூலைகள் என்று ஒளிப்படம் எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே இருந்த கீறலைப் பற்றிப் பின்னர் யாரும் வாதாட நேராது.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வருமாறு மாட்டினால் நிற்பவர்களுக்குக் கண்மட்டமாக இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்களையும் குழந்தைகளையும் எண்ணிச் சற்றே தாழ்த்தினாலும் குறையில்லை. நீர்வண்ணம், காகிதத்தில் வரைந்த கோட்டோவியம் போன்றவை ஒளியால் மங்கக்கூடியவை. அருங்காட்சியகங்களில் அவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவு மங்கலான ஒளியையே வைப்பது வழக்கம். ஓரிரு நாள் கண்காட்சியில் அவ்வளவு கண்டிப்பு தேவைப்படாது என்றாலும், வெயில் நேராக விழும் சுவரில் மட்டும் அவற்றை மாட்டக் கூடாது. ஒட்டுநாடாவால் ஓவியத்தை ஒட்டுவது எக்காரணம் கொண்டும் கூடாது.

புத்தகத் திருவிழா என்பதால் ஒரு யோசனை: நூலுக்காக வரையப்பட்ட மூல ஓவியத்தைச் சுவரிலும், அச்சான நூலை அதன் கீழே சிறு பலகையிலும் வையுங்கள். பென்சில் கோடுகளும் கைவிடப்பட்ட முதல் வரைவும் கிடைத்தால் அவற்றையும் சேருங்கள். பார்வையாளர்கள் நின்று நெடுநேரம் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சுவரின் முன்தான்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு என்ன ஏற்பாடு?

பொறுப்பான இருவர் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மூலை, தாழிட்டுக்கொள்ளக்கூடிய பாலூட்டும் அறை, அரங்கிலிருந்து தொலைவில் இல்லாத கழிப்பறை ஆகிய மூன்றும் இல்லாமல் பெண்களுக்கான விழா என்று அறிவிக்காதீர்கள். இவை இருக்கின்றன என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும். தெரியாவிட்டால் வர மாட்டார்கள். படிகள் உள்ள இடத்தில் சாய்தளம், எல்லா அமர்வுகளிலும் ஒலிவாங்கி, முடிந்தால் ஓரிரு அமர்வுகளுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஆகியவையும் வேண்டும். தமக்கு உரத்த குரல் என்று சொல்லி ஒலிவாங்கியை மறுப்பவரிடமும் அதைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

புனைபெயரில் எழுதுபவர்களை எப்படி அறிமுகப்படுத்துவது?

அவர் கொடுத்த பெயரில் மட்டும். ஆங்கில எழுத்தாளர்களான பிராண்ட்டி (Brontë) சகோதரியர் மூவரும் 1846இல் தங்கள் முதல் கவிதைத் தொகுப்பை ஆண்களுடையவை போன்ற பெயர்களில் வெளியிட்டார்கள். இன்றும் குடும்பத்துக்கோ அலுவலகத்துக்கோ தெரியாமல் எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய இயற்பெயர், ஊர், பணியிடம் ஆகியவற்றை மேடையில் சொல்வது அவருக்குப் பெரும் இன்னலாக முடியலாம். ஒளிப்படம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறத்தில் அடையாள அட்டை கொடுத்து, படமெடுப்பவர்களிடம் அதைத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி நேரத்தில் யாராவது தகராறு செய்தால்?

ஒலிவாங்கியைக் கேட்பவர் கையில் தராமல் தன்னார்வலர் பிடித்துக்கொண்டிருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நீண்ட உரையாற்றத் தொடங்குபவரை, ஒரு நிமிடத்துக்குள் கேள்வியாகச் சொல்லுமாறு நெறியாளர் கேட்கலாம். எழுத்தாளரின் தனிவாழ்வையோ உடலையோ பற்றிய கேள்வி வந்தால், விடை சொல்லும் சுமையை எழுத்தாளருக்கு விடாமல் நெறியாளரே மறுத்து, அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நடத்தை விதிகளை நுழைவாயிலில் ஒட்டி, புகார் சொல்லவேண்டியவரின் பெயரையும் அங்கேயே எழுதி வையுங்கள்.

நன்கொடையாளர் நிகழ்ச்சியில் தலையிட்டால் என்ன செய்வது?

பணம் வாங்குவதற்கு முன்பே, சின்னம் எங்கே இடம்பெறும், எத்தனை முறை நன்றி சொல்லப்படும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு, பேச்சாளர் தேர்வில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். அதற்கு உடன்படாதவர்களின் பணம் இல்லாமல் விழாவைச் சிறிதாக நடத்திக்கொள்ளலாம்.

அமர்வுகளைப் பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டும், எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகு. பெண்களின் குரல், ஒளிப்படம், கடிதம், வாய்மொழி வரலாறு ஆகியவற்றைச் சேகரிப்பதற்கென்றே அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லக்ஷ்மி 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தை நிறுவினார். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒலிப்பதிவு, அழைப்பிதழ், விற்ற நூல்களின் பட்டியல், கண்காட்சிச் சுவர்களின் ஒளிப்படம் ஆகியவற்றைத் தேதியிட்டு உள்ளூர் நூலகத்தில் ஒரு படி ஒப்படைக்கலாம். ஒலி தெளிவாக இருப்பதுதான் முக்கியம். விலையுயர்ந்த ஒளிப்பதிவுக் கருவி அவசியமில்லை.

விழா முடிந்த பிறகு செய்ய வேண்டியவை எவை?

மதிப்பூதியம் அன்றே தரப்படவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஓவியங்களை அவை வந்த உறையிலேயே கட்டி, முதலில் எடுத்த ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு, கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள். பதிப்பாளர்களுக்குக் கணக்கும் பணமும் மீதிப் படிகளும் ஒரே சமயத்தில் போகட்டும். சொந்தமாக அச்சிட்டவர்களுக்கு எத்தனை படி விற்றது என்பதோடு, எந்த அமர்வுக்குப் பிறகு விற்றது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிப்பு போடுவதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு அது பயன்படும்.

குழு தனக்காகவும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வந்தவர்களின் தலைகளை எண்ணுவதோடு, விற்ற படிகளையும், விழாவில் பேசப்பட்ட நூல்களை அடுத்த மூன்று மாதத்தில் நூலகத்தில் எத்தனை பேர் எடுத்துப் படித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு நூல்கூட எடுக்கப்படவில்லை என்றால், அடுத்த ஆண்டுக்கான முதல் கூட்டத்தில் பேச வேண்டிய பொருள் அதுதான்.